குழந்தையர் கைரோபிராக்டிக் சிறப்புப் பயிற்சி: தமிழில் எப்படிச் சொல்வது?

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், அல்சூர், பெங்களூரு

அன்புடையீர், வணக்கம்.

இந்திராநகர் மையம் ஒன்றுக்காகப் பெற்றோர் கையேடும் ஒப்புதல் படிவமும் கன்னடத்திலும் தமிழிலும் தயாராகின்றன. தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. அங்கு பணிபுரியும் கைரோபிராக்டர் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் முறையைச் செய்பவர்) அமெரிக்காவில் பட்டம் பெற்று, அதன்பின் குழந்தைகளுக்கான தனிப் பயிற்சியும் முடித்தவர். அந்தப் பயிற்சிக்கு ‘முதுநிலைக் குழந்தை முதுகெலும்பு மருத்துவம்’ என்ற பெயரை முன்வைக்கிறேன். கையால் செய்யும் எல்லாவற்றுக்கும் ‘நீவுதல்’ போதும் என்பது மையத்தாரின் விருப்பம். தாய்மார்களுக்கு அது பழகிய சொல். உங்கள் கருத்து தேவை.

அனுப்புநர்: குழந்தையர் பிசியோதெரபிஸ்ட், ஜெயநகர், பெங்களூரு

> முதுநிலைக் குழந்தை முதுகெலும்பு மருத்துவம்

ஐயா, வணக்கம். இந்தப் பெயர் இல்லாத தகுதியைத் தந்துவிடும். நம் நாட்டில் ‘முதுநிலை’ என்றால் எம்.டி., எம்.எஸ்.; எங்கள் துறையில் 2 ஆண்டு எம்.பி.டி. ‘குழந்தை மருத்துவம்’ என்றதும் காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் பார்க்கிற டாக்டர்தான் நினைவுக்கு வருவார். ‘முதுகெலும்பு மருத்துவம்’ அறுவை சிகிச்சை நிபுணரைக் குறிக்கும். இந்த மூவரும் சேர்ந்த ஒருவரிடம் பிள்ளையைக் கொடுக்கிறோம் என்று நம்பித்தான் ஒரு தாய் கையெழுத்திடுவார்.

அமெரிக்காவில் கைரோபிராக்டிக் பட்டத்துக்கு ஏறத்தாழ 4 ஆண்டு. அதற்கு மேல் குழந்தையர் பயிற்சியில் அறியப்பட்ட வழிகள் இரண்டு. லாரி வெப்ஸ்டர் 1986இல் தொடங்கிய சர்வதேசக் குழந்தையர் கைரோபிராக்டிக் சங்கத்தின் சான்றிதழுக்கு 200 மணி நேரம். சர்வதேச கைரோபிராக்டர்கள் சங்கத்தின் குழந்தையர் குழு தரும் ‘டிப்ளமேட்’ தகுதிக்கு 3 ஆண்டில் 360 மணி நேரம், பிறகு தேர்வு. இரண்டையும் தருபவை அத்தொழில் செய்வோரின் சங்கங்கள். பல்கலைக்கழகப் பட்டங்கள் அல்ல. 3 ஆண்டு என்றவுடன் நம்மவர்கள் எம்.டி.யோடு ஒப்பிடுவார்கள். 360 மணியை வாரத்துக்கு 40 என்று வகுத்தால் 9 வாரப் படிப்பு. ஆகவே ஆண்டைவிட மணிக்கணக்கை அச்சிடுவதே நேர்மை.

‘பட்டப்பின் சிறப்புப் பயிற்சி’ என்று வைக்கலாம். ‘பட்டப்பின் படிப்பு’ இலங்கைத் தமிழில் நன்றாகப் புழங்கும் சொல். ஒரு பட்டத்துக்குப் பிறகு படித்தது என்று மட்டுமே சொல்லும், படிநிலை எதையும் ஏற்றாது. ‘டிப்ளமேட்’டுக்குப் ‘பட்டயம்’ வேண்டாம். இங்கே பட்டயம் என்றால் பாலிடெக்னிக். பட்டத்துக்கும் கீழே போய்விடும். ‘சிறப்புத் தகுதிச் சான்று’ எனலாம்.

‘மருத்துவர்’ என்றும் எழுத வேண்டாம், ‘கைரோபிராக்டர்’ போதும். துணைநிலை சுகாதாரத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் அட்டவணையில் பிசியோதெரபி உண்டு. கைரோபிராக்டிக்குக்குத் தனி இடம் இல்லை.

எனக்குப் பெரிய கவலை ‘நீவுதல்’தான். தசையைத் தடவினாலும் அது நீவுதல்; கழுத்தெலும்பைச் சடக்கென்று உந்தினாலும் அதுவேயா? மூட்டை அதன் இயல்பான எல்லைக்குள் மெதுவாக நகர்த்துவது ஒன்று. அந்த எல்லையைத் தாண்டி, அதிக வேகத்தில், மிகக் குறைந்த தூரம் உந்துவது வேறொன்று. ஆஸ்திரேலியாவின் கைரோபிராக்டிக் வாரியம் 2019 மார்ச்சில் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிறுத்திவைத்தது இரண்டாவதை. 2023இல் அந்தத் தடையைத் தளர்த்தி, 2024இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு நாட்டு ஒழுங்குமுறையே இந்த வேறுபாட்டின் மேல் நிற்கும்போது நம் படிவம் அதை அழித்துவிடலாமா?

உடற்கூறும் இதையே சொல்கிறது. பச்சிளங்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்துத் தசை தளர்வு, தசைநார்கள் நெகிழ்வு. பெரியவர்களின் கழுத்து அதிகம் வளைவது 5, 6ஆம் எலும்புகளுக்கு இடையே. சிறு குழந்தைக்கு அது 2, 3ஆம் எலும்பு அளவில். இரண்டாம் கழுத்தெலும்பில் பல் போல் நீண்டிருக்கும் முனை அந்த எலும்பின் உடற்பகுதியோடு ஒட்டவே 3 முதல் 6 வயது ஆகும். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைக்கு முதல் இரு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பே தளர்ந்திருக்கலாம். அங்கே உந்தினால் தண்டுவடம் நசுங்கும் ஆபத்து உண்டு. நல்ல சிறப்புப் பயிற்சி என்பது முதலில் இதைக் கண்டுகொண்டு கையை எடுத்துவிடக் கற்பிப்பது. காய்ச்சல், புடைத்த உச்சிக்குழி, பால் குடிக்காமை, காரணம் சொல்ல முடியாத கன்றிப்போன தடம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

அனுப்புநர்: சித்த மருத்துவர், சிவாஜிநகர், பெங்களூரு

அம்மா சொன்ன வேறுபாட்டுக்கு நம்மிடமே சொல் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் உடலைக் கையால் பிடித்துவிடும் முறையான தொக்கணம் 9 வகை. அவற்றில் அழுத்தல், இழுத்தல், அசைத்தல் மூன்றும் இங்கு உதவும். மெதுவாக நகர்த்துவதற்கு ‘அசைத்தல்’. வேகமாக உந்துவதற்குத் தொக்கணப் பெயர் எதையும் இரவல் தர வேண்டாம்; ‘விரைவுந்தல்’ என்று புதிதாகவே இருக்கட்டும். புதுச்சொல்லைக் கண்டால் தாய் “அது என்ன?” என்று கேட்பார். கேட்க வேண்டிய இடம் அது.

துறைப் பெயருக்கு ‘முள்ளந்தண்டு’ வேண்டாம், தண்டுவடத்தோடு குழம்பும். டேனியல் டேவிட் பால்மர் 1895இல் தொடங்கிய முறைக்குக் கிரேக்கப் பெயரின் பொருள் கையால் செய்வது. ‘முதுகெலும்புக் கைச்சீரமைப்பு’ என்றால் எந்த உறுப்பு, எதனால், என்ன செய்கிறார்கள் என்ற மூன்றும் வந்துவிடும்.

‘உரமெடுப்பு’ என்று யாராவது சொல்வதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். கழுத்தைத் திருப்பினால் வீறிடும் பிள்ளைக்கு ‘உரம் விழுந்திருக்கு’ என்று வேட்டியில் கிடத்தி, இரு முனையையும் பிடித்து உருட்டுவது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தால் இரண்டும் ஒன்றே என்று ஆகிவிடும். ஆனால் கேள்வித்தாளில் அது கட்டாயம் வேண்டும்: “குழந்தைக்கு உரம் எடுத்தீர்களா? எப்போது?” ‘முன்பு ஏதேனும் கைமுறைச் சிகிச்சை பெற்றதுண்டா’ என்று கேட்டால் எந்தப் பாட்டியும் “ஆமாம்” சொல்லமாட்டார்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், அல்சூர்

இருவருக்கும் மிக்க நன்றி. மையத்தின் கைரோபிராக்டர் முடித்தது 200 மணிச் சான்றிதழ் என்பதால் வரி இப்படி அமைகிறது: ‘கைரோபிராக்டிக் எனும் முதுகெலும்புக் கைச்சீரமைப்பு: குழந்தையர் பட்டப்பின் சிறப்புப் பயிற்சி, 200 மணி நேரம்.’ மூலத்தில் ‘சப்லக்சேஷன்’ பலமுறை வருகிறது. ‘மூட்டு நழுவல்’ சரிவருமா?

அனுப்புநர்: குழந்தையர் பிசியோதெரபிஸ்ட், ஜெயநகர்

வேண்டாம் ஐயா. எலும்பு மருத்துவத்தில் ‘சப்லக்சேஷன்’ என்பது எக்ஸ்ரேயில் தெரியும் பகுதி விலகல். கைரோபிராக்டிக்கில் அதே பெயர், முதுகெலும்பின் சிறு சீர்கேடு நோய்களுக்குக் காரணமாகும் என்ற கோட்பாட்டைக் குறிக்கிறது. அது நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று பிரிட்டனின் பொதுக் கைரோபிராக்டிக் மன்றமே 2010இல் சொன்னது. ‘நழுவல்’ என்று படித்தால் பிள்ளையின் எலும்பு இடம் மாறிவிட்டது என்று வீடே பதறும். ஒலிபெயர்ப்பாகவே விட்டு, முதல் இடத்தில் ‘கைரோபிராக்டிக் கருத்துப்படி’ என்று சேர்த்துவிடுங்கள். விரைவுந்தலுக்கும் அசைத்தலுக்கும் படிவத்தில் தனித்தனிக் கட்டமும், தனித்தனிக் கையெழுத்தும் வேண்டும்.