கடைசி முனைல இன்டக்ரல் கண்டிஷன்: 3 வர வேண்டிய இடத்துல 2.718 வருது, தாமஸ் அல்காரிதமும் ஓடல

பாளை_மாணவி:
அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி. எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு நான்லோக்கல் கண்டிஷன் எடுத்துருக்கேன், அதாவது முனைல நேரா மதிப்பு தராம, உள்ள இருக்க புள்ளியோடயோ மொத்த இன்டக்ரலோடயோ கட்டுற கண்டிஷன். கம்பில வெப்பம் பரவுறதச் சொல்லுத ஹீட் ஈக்வேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி சின்னதா ஒண்ணு போட்டுப் பாத்தேன், யு டபுள் டாஷ் = 6, யு(0) = 0, மத்த முனைல மதிப்பு கிடையாது, 0-ல இருந்து 1 வரைக்கும் யு-வோட இன்டக்ரல் 1, அவ்வளவுதான். கையால போட்டா 3 எக்ஸ் ஸ்கொயர், அப்போ யு(1) = 3. ஆனா 0-ல இருந்து 1 வரைக்கும் 10 துண்டா வெட்டிப் போட்டா 2.718 வருது, இயற்கை மடக்கையோட அடி எண் e எங்கயும் ஒளிஞ்சிருக்கோன்னு ராத்திரி பூரா நோட்டப் புரட்டுனேன், 20 துண்டு போட்டா 2.855 ஆயிருது. யு டபுள் டாஷுக்கு ரெண்டு பக்கத்துப் புள்ளியையும் வச்சு எடுக்குற சென்ட்ரல் டிஃபரன்ஸ்தான் போட்டுருக்கேன், இன்டக்ரலுக்கு எல்லாப் புள்ளியையும் கூட்டி துண்டு நீளம் ஹெச்-ஆல பெருக்கி கடைசி வரிசைல வச்சேன். அந்த வரிசை பூரா நம்பரா நிறைஞ்சதுல, மூணு மூலைவிட்டம் மட்டும் இருக்க (ட்ரைடயகனல்) மேட்ரிக்ஸ வேகமா தீக்குற தாமஸ் அல்காரிதம் வேலைக்கு ஆகல, முழு மேட்ரிக்ஸா போட்டுத்தான் தீத்தேன்.

அம்பை_வாத்தியார்:
தங்கச்சி, 3-ல இருந்து எவ்வளவு தள்ளி நிக்குன்னு பாருங்க. 0.282, பொறவு 0.145. துண்ட ரெட்டிப்பாக்குனா எரர் பாதியாத்தான் குறையுது, சென்ட்ரல் டிஃபரன்ஸ் ரெண்டாம் ஆர்டர், அதுக்கு கால்வாசியா குறையணும்லா. அப்போ கோளாறு கூட்டல்ல இருக்கு. ரெண்டு முனைப் புள்ளியையும் முழுசா கூட்டிட்டீங்க, அதுக்கு பாதி எடைதான், அதான் ட்ரெபிசாய்டல் விதி. மாத்துனா 2.99, 20 துண்டுக்கு 2.9975 வரும். இன்டக்ரலுக்கு சிம்சன் விதி போட்டா இதுக்கு அப்படியே 3 வந்துரும்.

கன்னடியன்_கால்வாய்:
தாமஸ் அல்காரிதத்த விடவே வேண்டாம். கால்வாய்ல தலைமடை மட்டம் தெரியும், கடைமடை மட்டம் தெரியாது, ஆனா மொத்தம் எவ்வளவு தண்ணி கிடக்குன்னு தெரியும்னு வைங்க. முதல்ல கடைசி முனைய 0-ன்னு வச்சுத் தீருங்க. பொறவு வலது பக்கம் 6-க்குப் பதிலா 0, கடைசி முனை 1-ன்னு வச்சு இன்னொரு தடவ தீருங்க. ரெண்டும் ட்ரைடயகனல். ட்ரெபிசாய்டல்ல முதல் விடையோட இன்டக்ரல் மைனஸ் 0.495, ரெண்டாவதோடது 0.5. குறையுத தண்ணி 1.495, அத 0.5-ஆல வகுத்தா 2.99, ரெண்டாவது விடைய அதால பெருக்கி முதல் விடையோட கூட்டிருங்க, தீந்துது. பித்சாத்ஸே, சமார்ஸ்கிங்கற கணிதக்காரங்க 1969-ல எழுதுன மாதிரி முனை மதிப்ப உள்ள இருக்க புள்ளியோட கட்டுனாலும் இதே வழிதான், ஆனா யு(1) = 2 யு(0.5)-னு வந்தா இந்த ஈக்வேஷனுக்கு வகுக்குற எண் 0 ஆயிரும், அங்க கவனம்.

பாளை_மாணவி:
அண்ணாச்சி, 2.99 வந்துட்டு!! ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஹீட் ஈக்வேஷனுக்கு ஒவ்வொரு டைம் ஸ்டெப்புக்கும் ரெண்டு தடவ தீக்கணுமா?

கன்னடியன்_கால்வாய்:
வேண்டாம்மா. டைம்ல ஸ்டெப் ஸ்டெப்பா போற கிராங்க் நிகல்சன் முறைல டைம் ஸ்டெப்ப மாத்தாம வச்சா ரெண்டாவது விடை மாறாது, ஒரே தடவ தீத்து எடுத்து வச்சுக்கோங்க. கணிதக்காரர் கேனன் 1963-ல பாத்த கணக்கும் இதுதான், முனை வெப்பம் தெரியாது, கம்பில உள்ள மொத்த வெப்பம் தெரியும். சில பேரு அந்த இன்டக்ரல டைமால டிஃபரன்ஷியேட் பண்ணி டெரிவேட்டிவ் கண்டிஷனா மாத்திருவாங்க, கோடு எழுத அது லேசுதான், ஆனா மொத்தம் கொஞ்சங்கொஞ்சமா நழுவலாம், அதனால அப்படிப் போனா ஒவ்வொரு ஸ்டெப்லயும் மொத்தத்தப் பிரிண்ட் பண்ணிப் பாருங்க.