நில உச்சவரம்புச் சட்டம் வந்தும் ஏற்றத்தாழ்வு குறையாதது ஏன்? சட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி (செம்மண்):
காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளில் பல நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தன. தைவானிலும் தென்கொரியாவிலும் நிலம் உழுதவர் கைக்குப் போனது. பாகிஸ்தானிலும் பிலிப்பைன்ஸிலும் பெரிய பண்ணைகள் பல அப்படியே நின்றன. ஏன் என்று கேட்டால் எங்கும் ‘அரசியல் உறுதி இல்லை’ என்றே பதில் வருகிறது. அது எனக்குப் போதவில்லை. ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தால், அது நிலத்தைப் பிரிக்குமா பிரிக்காதா என்று எந்தப் பிரிவுகளைப் படித்துச் சொல்வது? நிலத்துக்கான கினி எண்ணை (ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை அளக்கும் எண்; 0 என்றால் எல்லோருக்கும் சமம்) வைத்து நாடுகளை ஒப்பிடலாமா?

பதில் (வரப்பு):
முதலில் உச்சவரம்பு, அதாவது வைத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்ச நிலம், யாருக்கு என்று பாருங்கள்: தனிநபருக்கா, குடும்பத்துக்கா? ஏக்கர் கணக்கு அதற்கப்புறம்தான். பாகிஸ்தான் 1959-ல் தனிநபருக்கு 500 ஏக்கர் பாசன நிலம் அல்லது 1,000 ஏக்கர் மானாவாரி என்று வைத்தது. ஒரே வீட்டில் ஐந்து பேர் பெயருக்கு எழுதி வைத்தால் 2,500 ஏக்கர் பாசன நிலம் சட்டப்படியே அந்த வீட்டில் நிற்கும். 1972-ல் 150, 1977-ல் 100 என்று பாசன நில வரம்பு இறங்கியது. ஆனால் 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் ஷரியத் மேல்முறையீட்டு அமர்வு உச்சவரம்பே இஸ்லாத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்துவிட்டது.

இந்தியாவில் 1972-ன் முதலமைச்சர்கள் மாநாட்டுக்குப் பிறகுதான் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தை அலகாகக் கொள்ள வேண்டும் என்ற வழிகாட்டல் வந்தது. இருபோகம் விளையும் பாசன நிலத்துக்கு 10 முதல் 18 ஏக்கர் வரை. அதற்குள் நில உடைமையாளர்களுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு அவகாசம் கிடைத்திருந்தது. உறவினர் பெயரில், பினாமி பெயரில், அறக்கட்டளை பெயரில் நிலம் ஏற்கெனவே பிரிந்து போயிருந்தது. அதனால் இரண்டாவதாகத் தேடவேண்டியது முன்தேதி. எந்த நாளுக்குப் பின் செய்த பாகப்பிரிவினையும் கிரயமும் செல்லாது என்று சட்டம் சொல்கிறதா? சொல்லவில்லை என்றால், ஆவணப் பதிவு அலுவலகத்திலேயே உபரி நிலம் மறைந்துவிடும்.

மூன்றாவது விலக்குப் பட்டியல். தோட்டப்பயிர், பழத்தோட்டம், கரும்புப் பண்ணை, மத நிறுவனம் என்று அது நீண்டால், நெல் வயலை ஒரே பருவத்தில் ‘பழத்தோட்டம்’ ஆக்கிவிடுவார்கள். பிலிப்பைன்ஸின் 1988 சட்டம் 5 ஹெக்டேர் வைத்தது. 15 வயது நிரம்பிய, நிலத்தில் உழைக்கும் அல்லது அதை நேரடியாக நிர்வகிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 3 ஹெக்டேர் கூடுதல். அதோடு, நிலத்துக்குப் பதிலாக நிறுவனப் பங்குகளைத் தொழிலாளருக்குத் தரலாம் என்றது. லூயிசிட்டா என்ற பெரிய கரும்புப் பண்ணையில் அந்த வழிதான் கையாளப்பட்டது. நிலத்தையே பிரித்துக் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2011 ஆனது.

பதில் (மேட்டுக்கழனி):
வரப்பு சொன்னது நில உடைமையாளர் பக்கம். குத்தகைதாரர் பக்கம் வேறொரு ஓட்டை உண்டு: பதிவு. வாய்மொழிக் குத்தகையில் உழுபவருக்குப் பட்டாவும் இல்லை, ரசீதும் இல்லை. ‘உழுபவருக்கு உரிமை’ என்று அரசு அறிவித்த மறுநாளே அவரை வெளியேற்றிவிடலாம். ஜமீன்தாரி ஒழிப்பின்போது இந்தியாவில் நடந்தது இதுதான். ‘சொந்தச் சாகுபடி’ நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கூலியாள் வைத்து மேற்பார்வை பார்ப்பதும் பல மாநிலங்களில் சொந்தச் சாகுபடியானது.

மேற்கு வங்கத்தில் வாரதாரர்களை (விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தை உழுபவர்களை) பதிவு செய்ய 1978-ல் தொடங்கிய பர்கா இயக்கம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. முன்பெல்லாம் வருவாய் அலுவலர் நிலக்கிழார் வீட்டில் உட்கார்ந்து விசாரிப்பார். வாரதாரர் வாய் திறப்பாரா? அதை மாற்றி, வேலை முடிந்த மாலை நேரத்தில் ஊர்ப் பொது இடத்தில் முகாம் போட்டார்கள். வாரதாரர்களைக் கூட்டமாக வைத்துப் பேசி, பெயர்ப் பட்டியலை எல்லோரும் பார்க்க ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, வயலில் போய்ச் சரிபார்த்து, சான்று கொடுத்தார்கள். ‘இவர் என் வாரதாரர் இல்லை’ என்று நிரூபிக்கும் பொறுப்பு நில உடைமையாளர் தலையில் விழுந்தது. சுமார் 14 லட்சம் பேர் பதிவானார்கள். உரிமை பிள்ளைகளுக்கும் இறங்கும். விதை, உரம், ஏர் எல்லாம் வாரதாரருடையது என்றால் விளைச்சலில் 75 விழுக்காடு அவருக்கு.

விலைப் பிரிவையும் விடாதீர்கள். தைவானில் 1949-ல் குத்தகையை விளைச்சலில் 37.5 விழுக்காட்டுக்குள் அடக்கிவிட்டு, 1953-ல் நிலத்தின் விலையை ஓராண்டு முக்கிய விளைச்சலின் 2.5 மடங்காக வைத்தார்கள். பத்து ஆண்டுத் தவணை. உடைமையாளருக்கு 70 விழுக்காடு விளைபொருள் பத்திரம் (மதிப்பை விளைபொருளில் கணக்கிடும் கடன் பத்திரம்), 30 விழுக்காடு அரசு ஆலைகளின் பங்கு. ஜிம்பாப்வேயில் விடுதலைக்கு வழிவிட்ட 1979 லான்காஸ்டர் ஹவுஸ் உடன்பாடு முதல் பத்து ஆண்டுக்கு ‘விற்க விரும்புபவரிடமிருந்து வாங்கு’ என்று கட்டிப்போட்டது. எந்த நிலத்தை எப்போது விற்பது என்பது விற்பவர் கையில் போனது.

பதில் (தேயிலைக்கொழுந்து):
நீங்கள் இருவரும் சொன்னதெல்லாம் ஏதோ ஒரு வகையில் நிலத்தோடு பெயர் சேர்ந்தவர்களைப் பற்றியது. பெயரே இல்லாதவர்கள்? கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகைதாரர் நில உடைமையாளர் ஆனார். சாதி அடுக்கின் அடியில் நின்ற கூலித் தொழிலாளர் பெரும்பாலும் குத்தகைதாரராகவே இருந்ததில்லை. குடிகிடப்புக்காரர் (பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருப்பவர்) என்ற வகையில் அவர்களுக்குக் கிடைத்தது குடிசையைச் சுற்றி ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5, பெருநகரில் 3. தோட்டங்களுக்கு விலக்கு.

இலங்கையில் 1972 சட்டம் நெல் நிலத்துக்கு 25 ஏக்கர், மற்றவற்றுக்கு 50 ஏக்கர் என்று வைத்தது. கம்பெனித் தோட்டங்கள் 1975-ல் அரசுடைமையாகின. லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) தலைமுறைகளாகக் குடியிருந்த மலையகத் தமிழருக்கு அதில் பங்கில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்தார்கள். ஆகவே சட்டத்தில் ‘பயனாளி’ என்பதற்கான வரையறையைப் படிக்கும்போது, அந்நாட்டின் குடியுரிமைச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

செம்மண்:
மிக்க நன்றி. கினி எண் பற்றி யாராவது?

பதில் (வரப்பு):
ஒப்பிடலாம், ஆனால் நிலமற்றோரைச் சேர்த்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வேளாண் கணக்கெடுப்புகள் பொதுவாகச் சாகுபடி செய்யும் பண்ணைகளையே எண்ணும். ஒரு துண்டும் இல்லாத குடும்பம் அதில் வராது. திருத்தம் எளிது: நிலமற்றோர் பங்கு + (1 − அந்தப் பங்கு) × நிலமுள்ளோரிடையே கினி. நிலமுள்ளோரிடையே 0.5, நிலமற்றோர் 40 விழுக்காடு என்றால் 0.4 + 0.6 × 0.5 = 0.7. இரண்டு நாடுகளில் ஒன்றுக்கு 0.5-ஐயும் மற்றதற்கு 0.7-ஐயும் போட்டு ஒப்பிடும் அட்டவணைகள் உண்டு. சாகுபடிப் பரப்பா, உடைமைப் பரப்பா என்றும் கேளுங்கள். நூறு குத்தகைதாரர் உழும் ஒரே ஆளின் நிலம், சாகுபடிக் கணக்கில் நூறு சிறு பண்ணைகளாகத் தெரியும்.