மறுமொழி: குதிரையின் ‘உறை’க்கும் அதன் வீக்கத்துக்கும் கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

குதிரையின் ஆண்குறியை மூடியிருக்கும் தோலுக்கும் அதன் வீக்கத்துக்கும் நம் சொற்களஞ்சியத்தில் என்ன சொல் வைக்கலாம் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளைப் படித்தேன். ‘முன்தோல்’, ‘குறியுறை’, ‘கோசம்’, ‘உறைப்பை’ என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன். இந்தச் சொல் யார் வாயில் புழங்கப் போகிறது, எதற்காகத் தேவைப்படுகிறது என்பதைச் சொன்னால் தேர்வு எளிதாகும் என்று நினைத்து, சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குதிரை வளர்ப்பவர்கள் தொலைபேசியில் அழைத்து, ‘டாக்டர், குதிரைக்குக் கீழே வீங்கியிருக்கு’ என்பார்கள். அந்தக் ‘கீழே’ எது என்பதுதான் சிக்கல். அடிவயிற்றுத் தோலில் நீர் கோத்திருக்கலாம். காயடித்த புண் இருந்த இடம் வீங்கியிருக்கலாம். குறி வெளியே தொங்கி உள்ளே போகாமல் நிற்கலாம். குறியை மூடியிருக்கும் தோல்பகுதி மட்டும் புடைத்திருக்கலாம். நான்குக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. குறி தொங்கி நிற்கிறது என்றால் அன்றைக்கே, அந்த மணிக்கே ஓட வேண்டும். நீர் கோத்த வீக்கம் என்றால் பெரும்பாலும் குதிரையை நடத்திவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். கூச்சமில்லாமல் சொல்ல ஒரு சொல் இருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். மெரினாவில் சவாரி விடுபவரும், கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவரும், ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் விலை பேசுபவரும் நாலு பேர் நடுவில் சத்தமாகச் சொல்லக்கூடிய சொல்லாக அது இருக்க வேண்டும். என் அளவுகோல் இதுதான்.

முதலில் அந்த உறுப்பைப் பற்றி. ‘முன்தோல்’ மனிதருக்குச் சரி. குதிரைக்குப் பொருந்தாது. குதிரையில் இது நுனியை மூடும் தோல் அல்ல. தொடைகளுக்கு நடுவே அடிவயிற்றோடு ஒட்டித் தொங்கும் ஒரு முழு உறை. அதுவும் ஒற்றை உறை அல்ல. வெளித்தோல் வாய் வரை வந்து உள்ளே திரும்பிப் போகிறது. உள்ளே இன்னொரு முறை மடிந்து ஒரு வளையமாக நிற்கிறது. முழுக்கைச் சட்டையின் கையை இரண்டு சுற்று மடித்துவிட்டது போன்ற அமைப்பு. குறி நீளும்போது மடிப்புகள் அவிழ்ந்து, அந்த வளையம் தண்டின் நடுவே தெரியும். பிசுக்கு சேர்வதும், ஈ உட்காருவதும், புண் ஒளிந்துகொள்வதும் இந்த உள்மடிப்பில்தான். ஆகவே நமக்கு ஒரு சொல் போதாது. வெளி உறுப்புக்கு ஒன்று, உள்மடிப்புக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும்.

‘குறியுறை’ பொருளளவில் துல்லியம்தான். ஆனால் ‘ஆணுறை’ ஊரெங்கும் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. அதன் பக்கத்தில் ‘குறியுறை’ வந்தால் கேட்பவருக்கு எது நினைவுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘கோசம்’ பழைய சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு உறை என்ற பொருளோடு ஆண்குறி என்ற பொருளும் உண்டு. யானை இலக்கணத்தில் நிலந்தோய வேண்டிய ஏழு உறுப்புகளாக நான்கு கால், துதிக்கை, வால், கோசம் என்று சொல்லும்போது அது குறியையே சுட்டுகிறது. குறியா, அதன் மேலுறையா என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தச் சொல்லையே தேடுகிறோம். இரண்டையும் குறிக்கும் ஒன்றை எடுத்தால் பயனில்லை. ‘உறைப்பை’யைத் தொலைபேசியில் கேட்டால் ‘விதைப்பை’ என்று விழும். காயடித்த குதிரையில் விதைப்பை இருந்த இடமும் உறையும் அருகருகே இருப்பதால் அந்தக் குழப்பம் நேராகச் சிகிச்சையில் போய் முடியும்.

என் பரிந்துரை ‘தோலுறை’. கத்திக்கும் வாளுக்கும் புழங்கிய சொல்தான். குதிரை என்று சூழல் இருக்கும்போது குழப்பம் வராது. யாரும் கூசாமல் சொல்லலாம். காதில் தெளிவாக விழுகிறது. உள்ளே மடிந்திருப்பதை ‘உள்மடிப்பு’ என்றும், அதன் வாயை ‘மடிப்பு வளையம்’ என்றும் சொல்லலாம்.

‘தோல்’ எதற்கு, வெறும் ‘உறை’ போதுமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். கூட்டுச்சொல்லாக்கும்போது இடிக்கிறது. ‘உறைபனி’, ‘உறைமோர்’ என்பவற்றில் உறை வினையாக நிற்கிறது. ‘உறைப்பிசுக்கு’ என்று எழுதினால் நடுவில் வரும் ஒற்று இது பெயர் என்று காட்டிக்கொடுத்துவிடும். ‘உறைவீக்கம்’ என்று எழுதும்போது வகரம் மிகாது. உறைந்துபோன வீக்கமா, உறையில் வந்த வீக்கமா என்று படிப்பவர் தடுமாறுவார். அதனால் வீக்கத்துக்குத் ‘தோலுறை வீக்கம்’ என்று முழுதாகவும், மற்றவற்றுக்குத் தேவைப்பட்டால் ‘உறை’ என்று சுருக்கியும் வைத்துக்கொள்ளலாம்.

‘காயடித்த குதிரை’யை மாற்ற வேண்டாம். விதையை நசுக்குவதுதான் காயடிப்பது, குதிரைக்கு அறுத்தல்லவா எடுக்கிறோம் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் இன்றைய பேச்சில் இரண்டுக்கும் காயடித்தல் என்றே சொல்கிறார்கள், சரி, அப்படியே விடலாம்.

அடுத்தது ஸ்மெக்மா, அதாவது உறைக்குள் சேரும் பிசுக்கு. இந்த இழையில் எனக்கு மிகவும் கவலை தந்த இடம் இதுதான். ‘உறையழுக்கு’, ‘குறிமலம்’, ‘உறைமாசு’ என்று வந்த மூன்றுமே அதை ஓர் அசுத்தமாகக் காட்டுகின்றன. உண்மையில் அது அந்தத் தோலின் எண்ணெய்ச் சுரப்பும் உதிர்ந்த தோல் செல்களும் சேர்ந்தது. அதோடு வெளித்தூசி கொஞ்சம் கலக்கும். சில குதிரைகளில் சாம்பல் நிறச் செதிலாக உலர்ந்திருக்கும், சிலவற்றில் கறுத்த மசகு மாதிரி வழவழப்பாக இருக்கும். ஓரளவு இருப்பது இயல்பு. காயடித்தவற்றில் அதிகம் சேர்வதற்குக் காரணம், அவற்றில் பல சிறுநீர் கழிக்கும்போது குறியை முழுதாக வெளியே நீட்டுவதில்லை. சில உறைக்குள்ளேயே கழித்துவிடும்.

‘அழுக்கு’ என்று பெயர் வைத்தால் கை தானாகச் சோப்பைத் தேடும். வாராவாரம் டெட்டால் போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தோல் மிக மெல்லியது. வெந்து, உரிந்து, வீங்கும். கிருமிநாசினியால் அடிக்கடி கழுவினால் அங்கே இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள் போய்விடும். அந்த இடத்தில் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற நோய்க்கிருமிகள் குடியேறும். பொலிகுதிரைகளில் (இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும், காயடிக்காத ஆண் குதிரைகளில்) நன்றாகப் பதிவான விஷயம் இது. சுத்தம் செய்யப்போய் நோயைக் கூட்டிவருவது இந்த வழியில்தான். ஆகவே என் பரிந்துரை ‘உறைப்பிசுக்கு’. எண்ணெய்ப் பிசுக்கு என்று எல்லார் வீட்டிலும் புழங்கும் சொல். தன்மையைச் சரியாகச் சொல்கிறது, பழி சுமத்தவில்லை. உலர்ந்ததைப் ‘பிசுக்குச் செதில்’ எனலாம்.

கழுவவே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பார்த்து, தேவையிருந்தால் கழுவுவதே பெரும்பாலான குதிரைகளுக்குப் போதும். வெதுவெதுப்பான நீர், கையுறை, மென்மையான பஞ்சு. செதில் இறுகியிருந்தால் லிக்விட் பாரபின் தடவி ஊறவிட்டால் தானே கழன்று வரும். மென்சோப்பு போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு துளியும் தங்காமல் அலசிவிட வேண்டும். குதிரையின் தோளோரம் ஒட்டி நின்று, ஒரு கையை முதுகில் வைத்து, பின்காலின் வீச்சுக்குள் போகாமல் வேலை செய்ய வேண்டும். தொடவிடாத குதிரைக்கு மயக்க ஊசி போட்டுத்தான் செய்ய முடியும். அதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும். அசிப்ரோமசின் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தபின் குறி தளர்ந்து உள்ளே போகாமல் நின்ற நிகழ்வுகள் உண்டு, அதிலும் பொலிகுதிரைகளில். ஆகவே மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு தானே போடுவது ஆபத்து.

குறியின் நுனியில், சிறுநீர்த்துளையைச் சுற்றி ஒரு குழி இருக்கிறது. அதில் பிசுக்கு சேர்ந்து இறுகி உருண்டையாகிவிடும். மொச்சைக்கொட்டை அளவிலிருந்து பெரிய பாக்கு அளவு வரை பார்க்கலாம். பெரிதானால் சிறுநீர்த்துளையை அழுத்தும்; தாரை இரண்டாகப் பிரியும், குதிரை முக்கும், கழிப்பதற்கு நிலைகொண்டு நின்றுவிட்டுக் கழிக்காமல் நகரும். இதற்கு ‘உறைக்கல்’ என்று வந்த பரிந்துரையை ஏற்கத் தயக்கம். கல் என்றால் சிறுநீர்ப்பைக் கல் என்றுதான் உரிமையாளர் நினைப்பார். ‘பிசுக்குக் கட்டி’யும் வேண்டாம், கட்டி என்றதும் புற்றுநோய்ப் பயம் வந்துவிடும், அந்தப் பயத்துக்கு உரிய இடம் வேறு இருக்கிறது. ‘பிசுக்குருண்டை’ என்று வைத்தால் விரலால் மெல்ல உருட்டி எடுத்துவிடக்கூடியது என்ற குறிப்பும் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

அந்த வேறு இடம் எது என்றால், உறையிலும் குறியிலும் வரும் செதிற்செல் புற்று. குதிரையின் இந்தப் பகுதியில் மிக அதிகம் காணப்படும் புற்று அதுதான். வயதான, அங்கே நிறமியில்லாத வெளிர்தோல் உடைய குதிரைகளில் கூடுதல். குதிரைப் பாப்பிலோமா வைரஸ் 2-ஆம் வகையோடு அதற்குத் தொடர்பு உண்டு. தொடக்கத்தில் மரு மாதிரியோ, தடித்த வெளிர்த் தழும்பு மாதிரியோ பிசுக்குக்கு அடியில் மறைந்திருக்கும். ஆண்டுக்கொரு முறை பார்க்கச் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான். கழுவுவதைவிடப் பார்ப்பதே முக்கியம். இந்தக் கருத்து சொற்களஞ்சியத்தின் விளக்கக் குறிப்பில் ஒரு வரியாவது வந்தாக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி வீக்கம். ‘தோலுறை வீக்கம்’ பொதுப்பெயராக இருக்கட்டும். அதன் கீழே குறைந்தது மூன்றைப் பிரிக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிரம்புவது, வலியோ சூடோ இல்லாதது, கொட்டிலில் கட்டியே கிடந்தால் கூடுவது, நடத்தினால் வடிவது – இதற்கு ‘நீர்வீக்கம்’. சூடாக, தொட்டால் குதிரை துள்ளும் அளவு வலியோடு, நாற்றமோ சீழோ சேர்ந்து வருவதற்கு ‘உறையழற்சி’. உதை பட்டதும், பூச்சி கடித்ததும், ஈக்கள் கொண்டுவரும் ஹாப்ரோனிமா புழுவின் இளநிலையால் ஆறாமல் நிற்கும் புண்ணும் இதன் பின்னணியில் இருக்கலாம். அந்தப் புண்ணுக்குக் ‘கோடைப்புண்’ என்று பெயரிட்டால் ஈ மொய்க்கும் காலத்தோடு ஒட்டி நினைவில் நிற்கும். மூன்றாவது, அழுத்தினால் குழி விழாமல் மெத்தென்று இருப்பது. பருத்த குதிரைகளில் கழுத்து மேட்டிலும் வாலடியிலும் சேரும் கொழுப்பு தோலுறையிலும் சேரும். இதை வீக்கம் என்றே சொல்லக் கூடாது, ‘உறைக்கொழுப்பு’ எனலாம். இதற்கு மருந்து தீவனத் தொட்டியில் இருக்கிறது.

நீர்வீக்கம் என்ற சொல் ‘அது ஒன்றுமில்லை’ என்ற அலட்சியத்தைத் தந்துவிடக் கூடாது. நடத்தியும் வடியாமல், அடிவயிறு, கால்கள் என்று பரவினால் இரத்தத்தில் புரதம் குறைந்திருக்கலாம், இதயமோ கல்லீரலோ கெட்டிருக்கலாம். உடல்வெப்பம் 38.5 பாகையைத் தாண்டினாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ காத்திருக்கவே கூடாது. காயடித்த முதல் வாரத்து வீக்கம் வேறு. நான்கைந்தாம் நாளில் உச்சத்துக்குப் போய் பிறகு இறங்குவது வழக்கம். அதற்கும் நடைதான் மருந்து. பாவம் என்று கொட்டிலிலேயே நிறுத்திவைப்பவர்களிடம் இதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓர் இணைச்சொல் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குறி வெளியே வர முடியாமல் உறைக்குள் சிக்கிக்கொள்வது ஒன்று. வெளியே வந்தது உள்ளே போக முடியாமல் தொங்குவது இன்னொன்று. பைமோசிஸ், பாராபைமோசிஸ் என்று புத்தகத்தில் இருப்பதை நள்ளிரவில் பதறி அழைப்பவரிடம் சொல்ல முடியாது; மருத்துவ மாணவர்களே இடம் மாற்றிச் சொல்கிறார்கள். ‘வெளிவராமை’, ‘உள்வாங்காமை’ என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன். பொருள் தெளிவாக இருக்கிறது, ஆனால் இரண்டுமே எதிர்மறைப் பெயர்களாக இருப்பதால் அவசரத்தில் ஒன்று மற்றொன்றாகக் கேட்கும் அபாயம் உண்டு. இரண்டாவதற்கு மட்டுமாவது ‘குறித்தொங்கல்’ என்று உடன்பாட்டில் வைக்கலாமா? மாட்டு வைத்தியத்தில் பழகிய நண்பர்கள் யாராவது தங்கள் ஊர் வழக்கில் இதற்கு இருக்கும் சொல்லை எழுதினால், வரைவை இறுதி செய்யுமுன் சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
குதிரை வைத்தியத்திலிருந்து ஒரு குழும உறுப்பினர்