'பசுமை' ஃபண்டுக்குள் நிலக்கரி: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மெல்போர்னிலிருந்து: என் சூப்பர் பணம் (ஆஸ்திரேலியாவின் ஓய்வூதியச் சேமிப்பு) 'நிலைபேறு' என்று பெயர் போட்ட பிரிவில்தான் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மெர்சர் சூப்பர் என்ற ஓய்வூதிய ஃபண்டுக்குப் பொய்யான பசுமை வாக்குறுதிக்காக 1.13 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் என்று செய்தி வந்ததும், நம்முடையது எப்படியென்று பார்ப்போமே என்று என் ஃபண்டின் பங்குப் பட்டியலை இறக்கினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை வெளியிட்டே ஆக வேண்டும். நீண்டுகொண்டே போகும் எக்செல் கோப்பு; யாரும் படித்துவிடக் கூடாது என்றே செய்த மாதிரி இருக்கும். நிலக்கரி தோண்டும் கம்பெனிகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். இரண்டு மாட்டின.

போன் போட்டால், "வருமானத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் நிலக்கரியிலிருந்து வந்தால்தான் விலக்குவோம்" என்றார்கள். எங்கே எழுதியிருக்கிறது? விளக்க ஆவணத்தின் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில். இணையதள முகப்பிலோ 'நிலக்கரிக்கு இடமில்லை' என்று கொட்டை எழுத்து. இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். கொஞ்ச நாளில் முகப்பு வாசகம் மட்டும் சத்தமில்லாமல் மாறியது. பங்குகள் அப்படியே இருக்கின்றன!

மெர்சர் வழக்கும் இதே கதைதான். நிலக்கரியில் பணம் போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. போடமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போட்டதால்தான் மாட்டினார்கள். நிலக்கரி, மது, சூதாட்டம் கிடையாது என்றார்கள். உள்ளே நிலக்கரிக்கு வைட்ஹேவன் கோல், பீருக்கு ஹைனெகன், சூதாட்டத்துக்கு டாப்கார்ப் எல்லாம் இருந்தன.

சிட்னியிலிருந்து: பாண்டு ஃபண்டு (கடன்பத்திரங்களில் போடும் ஃபண்டு) இன்னும் மோசம். வேன்கார்டு என்ற முதலீட்டு நிறுவனத்தின் 'அறநெறி' பாண்டு ஃபண்டில், மதிப்பில் சுமார் 46 சதவீதத்தை அறநெறிக்குப் பொருந்துமா என்று யாரும் வடிகட்டிப் பார்க்கவே இல்லை, அபராதம் 1.29 கோடி டாலர். என் ஆலோசகரிடம் "நம் ஃபண்டில் வடிகட்டுவது யார்?" என்று கேட்டேன். "ஃபண்டு பின்பற்றும் பட்டியலைத் தயாரிக்கிற இண்டெக்ஸ் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்றார். சரி, அவர்களை யார் பார்ப்பது?

ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து: 2022 மே 31 அன்று டாய்ச்ச பேங்க், அதன் முதலீட்டு நிறுவனமான டிடபிள்யூஎஸ் இரண்டின் அலுவலகங்களிலும், 'பசுமை' என்று மிகைப்படுத்தி விற்றதாகப் போலீஸ் சோதனை. மறுநாளே டிடபிள்யூஎஸ் தலைவர் பதவி விலகல் அறிவிப்பு. நான் வேலை பார்ப்பது வேறு கம்பெனி. அதன் பிறகு இங்கே விளம்பரத்தில் 'பசுமை' என்று போட்டாலே சட்டப் பிரிவின் கையெழுத்து வேண்டும். 2025 ஏப்ரலில் டிடபிள்யூஎஸ் மீது 2.5 கோடி யூரோ அபராதம் விழுந்தது. பசுமை 'எங்கள் டிஎன்ஏவிலேயே இருக்கிறது' என்று பீற்றிக்கொண்டதைக்கூட அரசு வழக்கறிஞர்கள் விடவில்லை. மெல்போர்ன் நண்பரே, அந்த மெர்சர் அபராதத்தில் உறுப்பினருக்கு ஏதாவது வருமா?

மெல்போர்னிலிருந்து: ஒரு செண்டு வராது, எல்லாம் அரசு கஜானாவுக்கு. என் புகாரை அஃப்காவுக்கு (நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஆஸ்திரேலிய அமைப்பு) அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.