1977இல் ஜே.ஆர். யார்? ஒரு டியூட்டரி நோட்ஸின் கதை

பழைய லிகிதர்:
என் பேரன் ஏ.எல். (உயர்தர) வகுப்பில் அரசறிவியல் படிக்கிறான். நேற்று அவன் மேசையில் கிடந்த டியூட்டரி (தனியார் வகுப்பு) நோட்ஸில், இலங்கையின் சனாதிபதி முறை பற்றி ஒரு வரி: "சனாதிபதித் தலைமைத்துவம் நாட்டின் கொள்கையையே புரட்டிப் போடும் என்பதற்குச் சிறந்த உதாரணம், சனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன 1977இல் கொண்டுவந்த திறந்த பொருளாதாரம்." எழுதியவர் இங்கேயும் வந்து எங்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர்தான். ஐயா, 1977 நவம்பரில் நிதி அமைச்சர் ரொனி டி மெல் சந்தையைத் திறந்துவிட்ட வரவு செலவுத் திட்டத்தை வாசித்தபோது ஜே.ஆர். பிரதமர். சனாதிபதி வில்லியம் கொபல்லாவ. ஜே.ஆர். காலிமுகத்திடலில் சத்தியப்பிரமாணம் செய்தது 1978 பெப்ரவரி 4. இது தெரியாமலா மாதாமாதம் பிள்ளைகளிடம் காசு வாங்குகிறீர்கள்?

டியூட்டரி சேர்:
வணக்கம் ஐயா. திகதி எனக்கும் தெரியும். 1978 அரசியலமைப்புக்கு முன்பே, 1977 ஒக்டோபரில், நிறைவேற்று சனாதிபதிப் பதவியை உண்டாக்கிய, 1972 யாப்புக்கான இரண்டாம் திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. நிறைவேற்று சனாதிபதியாக வரப்போவது யார் என்பது ரொனி டி மெல் வாய் திறக்க முன்பே முடிவான விஷயம். ஜே.ஆர். 1966 டிசம்பரிலேயே, விஞ்ஞான முன்னேற்றச் சங்கக் கூட்டத்தில், இந்த முறை வேண்டுமென்று பேசியவர். சந்தையைத் திறந்த தலைமையும் சனாதிபதி ஆட்சியைக் கட்டிய தலைமையும் ஒன்றுதான். மூன்று மாதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

பழைய லிகிதர்:
வரப்போகிறவர் வேறு, வந்தவர் வேறு. 1977 நவம்பர். பிரதமர்.

ஆமர் வீதியான்:
காலங்காத்தாலயே தொடங்கிட்டாங்கப்பா ரெண்டு பேரும்.

தெஹிவளை மாணவி:
நான் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். ஒரு சின்ன வேண்டுகோள். எதைத் தலைமைத்துவம் என்கிறோம், எதைக் கொள்கை என்கிறோம் என்று முதலில் பேசிக்கொள்ளலாமா? பதவி தருகிற அதிகாரம் ஒன்று, ஆளின் சாமர்த்தியம் ஒன்று, பாராளுமன்றத்தில் எத்தனை கை உயருகிறது என்பது இன்னொன்று. அமெரிக்க ஜனாதிபதிகளைப் பற்றி ரிச்சர்ட் நியூஸ்டாட் 1960இலேயே சொன்னார், அவர்களுடைய பலம் கட்டளையிடுவதில் இல்லை, மற்றவர்களை இணங்கவைப்பதில்தான் என்று. அந்த அளவுகோல் இங்கே பொருந்துமா என்று பார்த்தால்...

ஆமர் வீதியான்:
தங்கச்சி, இங்க இணங்க வைக்கிறதெல்லாம் இல்ல. 82 தேர்தல் முடிஞ்ச கையோட ஜே.ஆர். தன்ட எம்.பி.மார் எல்லார்ட்டயும் திகதி போடாத ராஜினாமாக் கடிதம் வாங்கி வச்சுக்கிட்டார். அமெரிக்காவுல அப்படி யாராவது செஞ்சாங்களா?

டியூட்டரி சேர்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். அந்தக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்புக்குப் போனார், பொதுத் தேர்தலே இல்லாமல் அதே பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் ஓட்டினார். இது சனாதிபதித் தலைமைத்துவம் இல்லையா ஐயா?

பழைய லிகிதர்:
1982ஐப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. உங்கள் நோட்ஸில் இருப்பது 1977. கேட்ட கேள்வியை விட்டு வேறு கேள்விக்குப் பதில் எழுதினால் பரீட்சையில் எத்தனை புள்ளி? உங்களுக்குத் தெரியாததா!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1977 ஜூலைத் தேர்தலில் ஜே.ஆரின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 ஆசனங்களில் 140. ஆறில் ஐந்து பங்கு. சந்தையைத் திறந்தது அந்த 140 கை. சனாதிபதி முறை இல்லாவிட்டாலும் திறந்திருக்கும். நம்பிக்கை இல்லையென்றால் அதற்கு முந்திய ஏழு வருடத்தைப் பாருங்கள். சிறிமா அம்மையார் 1972இல் காணிச் சீர்திருத்தம் செய்தார், 75இல் கம்பனித் தோட்டங்களை அரசுடைமை ஆக்கினார், இறக்குமதியை இறுக்கிப் பூட்டினார். எல்லாம் பிரதமராக. சீலைக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றவன் நான். எந்த சனாதிபதியும் என்னை அந்த வரிசையில் நிறுத்தவில்லை. கதவைப் பூட்டியதும் ஒரு பிரதமர், திறந்ததும் ஒரு பிரதமர். இதற்குள் உங்கள் சனாதிபதித் தலைமைத்துவம் எங்கே நுழைகிறது?

டியூட்டரி சேர்:
நுழைகிற இடத்தைச் சொல்கிறேன். 140 கை 77இல் உயர்ந்தது சரி. அதே கைகள் பன்னிரண்டு வருடம் இறங்காமல் இருந்தது எப்படி? 1979இல் அரிசிப் பங்கீட்டை எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தார்கள், அதே வருடம் மகாவலி அதிகார சபைச் சட்டம், முப்பது வருட வேலையை ஆறு வருடத்தில் முடிக்கிறோம் என்று அணைகள். வயிற்றில் கைவைக்கும் இப்படியான கொள்கையை ஒரு பிரதமர் செய்திருந்தால் அவருடைய பின்வரிசையே ஆட்டம் கண்டிருக்கும். 1953இல் அரிசி விலையைக் கூட்டி, ஹர்த்தாலுக்குப் பிறகு பதவியை விட்டுப் போன பிரதமர் டட்லி சேனாநாயக்கவைக் கேளுங்கள்.

பழைய லிகிதர்:
நல்லது. அப்படியானால் 1979 என்று எழுதுங்கள். 1977 என்று ஏன் எழுதினீர்கள்?

மாளிகாவத்தை நானா:
மாஸ்டர், அந்த 77ஐ 79 ஆக்கிப் போட்டா எல்லாரும் பகல் சோறு திங்கப் போகலாம்.

டியூட்டரி சேர்:
எதற்காக மாற்ற வேண்டும் நானா? வசனம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆமர் வீதியான்:
ஜே.ஆர்., ஜே.ஆர். எண்டு ரெண்டு பேரும் அடிபடுறீங்க. கொள்கையெண்டா அது ஜே.ஆருக்குப் பிறகு ஜனாதிபதியா வந்த பிரேமதாச. வாழைத்தோட்டத்துல பிறந்த மனுசன். ஜனசவிய எண்ட வறுமை ஒழிப்புத் திட்டம், இருநூறு ஆடைத் தொழிற்சாலை, நடமாடும் சேவை, வீடு. அதிகாரிமாரை பஸ்ஸுல ஏத்தி ஊருக்கே கொண்டு போனவர். அதத்தான் நான் ஜனாதிபதித் தலைமைத்துவம் எண்டு சொல்லுவன்.

பழைய லிகிதர்:
தம்பி, வீட்டை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து எடுங்கள். நூறாயிரம் வீடும் பத்து இலட்சம் வீடும் அவர் பிரதமராக இருந்தபோது தொடங்கினவை. அவர் சனாதிபதியானது 1989 ஜனவரி 2. மற்றவை சரி.

ஆமர் வீதியான்:
இவருக்கு எல்லாத்துலயும் திகதி! எங்கட அம்மாவுக்கு வீடு கிடைச்சது. அவ எந்தக் காயிதத்துல எந்தப் பதவி எண்டு பார்க்கல்ல.

பழைய லிகிதர்:
அம்மா பார்க்கத் தேவையில்லை. நோட்ஸ் எழுதுகிறவர் பார்க்க வேண்டும். பிரேமதாச உங்கள் வாதத்துக்கே எதிர்ச் சாட்சி. 1971இல் அரசியல் நிர்ணய சபையில் நிறைவேற்று சனாதிபதி வேண்டும் என்று ஜே.ஆர். பிரேரணை கொண்டு வந்தபோது வழிமொழிந்தவர் அவர். அந்தக் கதிரைக்கு வர முன்பே நாட்டில் வீடு கட்டிக் காட்டினவரும் அவர்தான்.

டியூட்டரி சேர்:
ஐயாவுக்குப் பழைய கோபம். 13ஆம் திருத்தம் பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் ஒரு திகதியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் நின்றார். சரி, பசளைக்கு வருவோம். 2021 மே 6. ஒரே வர்த்தமானி, இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. விவசாயப் பேராசிரியர்கள் கத்தினார்கள், கேட்க ஆளில்லை. நவம்பரில் தடையை எடுத்தபோது அந்தப் பெரும்போகத்துக்கு நேரம் தப்பிவிட்டது. அவ்வளவும் கோட்டாபய என்ற ஒரு சனாதிபதியின் பிடிவாதம். இதற்கும் 140 கைதான் காரணமா?

பழைய லிகிதர்:
வர்த்தமானியை வாசித்தீர்களா? முப்பது வருடம் கோப்பு தூக்கினவன் நான், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிற பழக்கம் எனக்கில்லை. அது இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதி. கையெழுத்து நிதி அமைச்சருடையது. அப்போது நிதி அமைச்சர் மகிந்த ராஜபக்ச. அவரே பிரதமர்!

தெஹிவளை மாணவி:
கையெழுத்து யாருடையது என்பதும் முடிவு யாருடையது என்பதும் இரண்டு கேள்வி இல்லையா? 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பென்று சொன்னவர்களில் கோட்டாபயவும் இருக்கிறார், மகிந்தவும் இருக்கிறார், அவர்களுடைய சகோதரர் பசிலும் இருக்கிறார், அதிகாரிகளும் இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்தாலே...

டியூட்டரி சேர்:
பாருங்கள், நீதிமன்றமே சனாதிபதியைச் சொல்லிவிட்டது.

பழைய லிகிதர்:
பாருங்கள், நீதிமன்றமே பிரதமரையும் சொல்லிவிட்டது.

மாளிகாவத்தை நானா:
அந்தப் புள்ள கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல்ல.

லயத்துப் பிள்ளை:
நான் ஹட்டன் பக்கம், இப்ப கொட்டாஞ்சேனையில வேலை. நீங்க ரெண்டு பேரும் பேசாத ஒண்ணைச் சொல்றேன். 1988ல, நாடில்லாம இருந்த எங்க மலையகத் தோட்டத் தமிழ் ஆளுங்களுக்குப் பிரஜாவுரிமை குடுக்க 39ஆம் இலக்கச் சட்டம் வந்துச்சு. அந்த வருசம் டிசம்பர் 19 ஜனாதிபதித் தேர்தல். நாடு முழுக்க ஒரே தொகுதியா எண்ணினா நுவரெலியாவுல விழுற ஓட்டுக்கும் விலை வரும். எங்க தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் ஐயா 78லேருந்து அமைச்சரவையில உக்காந்து காத்திருந்து பேரம் பேசி வாங்கினது அது. பழைய முறையில எங்களை யார் தேடி வந்தா? ஜனாதிபதி முறை கொள்கையை மாத்தும்ங்கிறதுக்கு இது உதாரணம் இல்லியா?

டியூட்டரி சேர்:
அருமையான உதாரணம் தம்பி. அடுத்த பதிப்பில் சேர்க்கிறேன்.

பழைய லிகிதர்:
சேருங்கள், 77க்குப் பக்கத்திலேயே சேருங்கள். தம்பி சொன்னதில் பாதி நியாயம். ஆனால் அது தலைமைத்துவம் இல்லை, வாக்குக் கணக்கு. தொண்டமானுக்குப் பலம் தந்தது தொழிற்சங்கம். வேலைநிறுத்தம் என்றால் கொழுந்து பறிபடாது, ஏலத்துக்குத் தேயிலை வராது. அது பிரதமருக்கும் வலிக்கும், சனாதிபதிக்கும் வலிக்கும்.

லயத்துப் பிள்ளை:
பாதி நியாயமா? எங்க கதைன்னா உங்களுக்கு எப்பவும் பாதிதான் ஐயா. 1949ஆம் வருசத்து இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு உங்க ஜீ.ஜீ. பொன்னம்பலம் அமைச்சரா இருந்து கை தூக்கினாரே, அது முழு நியாயமா?

பழைய லிகிதர்:
"உங்க" ஜீ.ஜீ.யா? நான் தமிழரசுக் கட்சிக் குடும்பம். எங்கள் ஆட்கள் 1949 டிசம்பரில் அவருடைய தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து வந்ததற்கே அந்த விஷயமும் ஒரு காரணம். அதோடு ஜீ.ஜீ. 1948இல், குடியுரிமையைப் பறித்த முதற் சட்டத்தை, எதிர்த்துத்தான் வாக்களித்தார். அதைச் சொல்ல மாட்டீர்களே?

லயத்துப் பிள்ளை:
48ல எதிர்த்துட்டு அதே வருசம் அமைச்சர் பதவி எடுத்தவர். 49ஐக் கேட்டேன்.

ஆமர் வீதியான்:
77, 78 முடிஞ்சு இப்ப 48, 49. நான் கடையத் திறக்கப் போறன்.

டியூட்டரி சேர்:
ஐயா, தம்பி 49ஐக் கேட்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினால்தான் புள்ளி என்று சொன்னது நீங்கள்.

பழைய லிகிதர்:
நீங்கள் இதற்குள் வர வேண்டாம். உங்கள் கணக்கு தனியாக நிற்கிறது, நோட்ஸின் ஆறாம் பக்கத்தில் சனாதிபதி சந்திரிகா மூன்று அமைச்சுகளைப் பறித்தது 2004 என்று போட்டிருக்கிறீர்கள். அது 2003 நவம்பர், பிரதமர் ரணில் வாஷிங்டனில் இருந்தபோது. லயத்துத் தம்பி, உங்களுக்கு 49 வேண்டும் என்றால் தருகிறேன், முதலில் 48ஐ ஒத்துக்கொள்ளுங்கள்.

லயத்துப் பிள்ளை:
முதல்ல 49.