மல்ட்டி-ஸ்டேட்மென்ட் குவெரிக்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான தரவுத்தள நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு நிரல், தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதிய பல கூற்றுகளை அரைப்புள்ளியால் பிரித்து ஒரே அழைப்பில் வழங்கிக்கு (சர்வர்) அனுப்புவதைப் 'பல்கூற்று வினவல்' என்று எழுதியுள்ளேன். மறுப்பிருந்தால் வியாழன் இரவுக்குள் தெரிவியுங்கள்.

~~~

ஐயா, 'பல்' எண்ணிக்கையை மட்டுமே சொல்கிறது. கூற்றுகளுக்கிடையே உள்ள உறவைச் சொல்லவில்லை. தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக வகுக்கிறது. முத்தகம் தனித்து நின்று பொருள் முடிவது. குளகம் பல பாட்டாய் வந்து ஒரே வினைகொண்டு முடிவது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளின் எளிய வினவல் நெறிமுறையில் ஒரே சரமாக அனுப்பிய கூற்றுகள், இடையில் பிகின் (தொடங்கு), கமிட் (உறுதிசெய்) என்று பிரிக்காதவரை, ஒரே பரிவர்த்தனையாக, அதாவது முழுதும் நிகழும் அல்லது எதுவுமே நிகழாத ஓரலகாக, நடக்கின்றன. மூன்றாவது கூற்று பிழைபட்டால் முதலிரண்டு செய்த மாற்றங்களும் நில்லா. இது குளகமன்றி வேறென்ன? மைஎஸ்க்யூஎல் என்னும் மற்றொரு மென்பொருளிலோ தானாகக் கமிட் ஆகும் இயல்புநிலையில் முன்னவை நிலைத்துவிடுகின்றன, அது தனிப்பாட்டுகளின் தொகுப்பான தொகைநிலை. எனவே 'குளக வினவல்', 'தொகை வினவல்' என இரு சொற்கள் வேண்டும்.

~~~

ஐயா, அருமையான ஒப்புமைதான். ஆனால் முத்தகமும் குளகமும் முக்தகம், குலகம் என்னும் வடசொற்களின் தமிழ் வடிவங்கள் என்பதை, சென்ற மாதம் 'சர்வர்' என்று எழுதியதற்காக என்னைக் கடிந்துகொண்ட தாங்கள் மறந்துவிட்டீர்கள் போலும். 'தொகை வினவல்' என்றால் என் மாணவர்கள் சம், கவுன்ட் போட்டுத் தொகை காணும் வினவல் என்றே கொள்வார்கள். அவர்கள் தடுமாறும் இடமே வேறு: பிஹெச்பி நிரல்மொழியில், பல கூற்றுகளை அனுப்பும் மல்ட்டி_குவெரியை அழைத்து, முதல் விடையை மட்டும் படித்துவிட்டு, நெக்ஸ்ட்_ரிசல்ட் கொண்டு எஞ்சியவற்றை எடுக்காமல் அடுத்த வினவலை அனுப்பிவிட்டு, 'கமாண்ட்ஸ் அவுட் ஆஃப் சிங்க்' என்ற பிழையோடு வந்து நிற்கிறார்கள். சாதாரண குவெரி அழைப்பு ஒரு கூற்றை மட்டுமே ஏற்பது, பிறர் தம் கூற்றுகளைத் திருட்டுத்தனமாக நுழைக்கும் ஊடுருவலின் கேட்டைக் குறைக்கத்தான் என்பதும் அவர்களுக்குத் தெரியவேண்டும். இவற்றை விளக்கப் பல்கூற்றே போதும்.

~~~

'பல்' என்றால் பல்வலி நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். பல்கலைக்கழகத்தில் யாருக்கும் பல் வலிக்கவில்லை. நானும் பல்கூற்றுக்கே.

~~~

வேறு மறுப்பு வராததால் 'பல்கூற்று வினவல்' அச்சுக்குப் போகிறது. குளகத்துக்கு அடிக்குறிப்பில் இடமளித்துள்ளேன்.

~~~

அடிக்குறிப்பை ஏற்கிறேன், சொல்லை ஏற்கவில்லை. முழுதும் நிகழ்வதையும் பாதியில் நிற்பதையும் ஒரே பெயரால் அழைக்கும் நூலைப் படித்தவர், மைஎஸ்க்யூஎல்லுக்கு எழுதிய நிரலை போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாற்றும் நாளில் இம்மடலைத் தேடுவார்.