புதுப்பிப்பு: ஜிமெயில் பேக்கப்பில் லேபிள், 4 ஜிபி தடை, புதுக் கணக்கு

கூகுள் கணக்கில் இருப்பதை நகலெடுத்துத் தரும் கூகுள் டேக்அவுட்டில் ஜிமெயிலை எம்பாக்ஸ் கோப்பாக (பல மெயில்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் கோப்பு) இறக்கி, கணினியில் மெயில் படிக்கும் மென்பொருளான தண்டர்பேர்டில் ஏற்றும் வழியை முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்காக இது.

"லேபிள் (ஜிமெயிலில் மெயில்களை வகைபிரிக்க வைக்கும் பெயர்) எல்லாம் போயிடுச்சு" என்று பலர் கேட்டிருந்தீர்கள். போகவில்லை. தண்டர்பேர்டில் ஏதாவது ஒரு மெயிலைத் திறந்து கண்ட்ரோல்+யு அழுத்துங்கள். மேலே 'எக்ஸ்-ஜிமெயில்-லேபிள்ஸ்' என்ற வரியில் அந்த மெயிலின் லேபிள்கள் அப்படியே இருக்கும். தண்டர்பேர்ட் அந்த வரியைப் பார்த்து ஃபோல்டர் பிரிக்காது, அவ்வளவுதான். அதனால் டேக்அவுட்டில் மொத்த மெயிலையும் கேட்காமல், வேண்டிய லேபிள்களை மட்டும் டிக் செய்யுங்கள். லேபிளுக்கு ஒரு எம்பாக்ஸ் வரும், தேடுவதும் சுலபம். டவுன்லோடு லிங்க் ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

பென்டிரைவில் இடம் இருந்தும் கோப்பு ஏறவில்லையா? அது ஃபேட்32 என்ற சேமிப்பு வடிவத்தில் இருக்கும்; அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இந்தத் தடை இல்லாத எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு ஃபார்மேட் செய்து மாற்றுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழியும் என்பதால் முதலில் அதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

பழைய மெயிலைத் தண்டர்பேர்டிலிருந்து புது ஜிமெயில் கணக்குக்கு ஐமேப் (மெயில் மென்பொருளை ஜிமெயிலோடு இணைக்கும் முறை) வழியாக ஏற்றுபவர்களுக்குப் பொறுமை வேண்டும். ஒரு நாளைக்கு 500 எம்பி வரைதான் ஏற்றலாம். 10 ஜிபி என்றால் கிட்டத்தட்ட 20 நாள். வருடவாரியாகப் பிரித்து ஏற்றுங்கள். 'மூவ்' வேண்டவே வேண்டாம், 'காப்பி' மட்டும். மூவ் செய்யும்போது இணைப்பு அறுந்தால் எது போனது, எது தங்கியது என்று பிரிப்பது பெரும்பாடு. இரண்டு பக்கமும் மெயில் எண்ணிக்கை ஒத்துப்போன பிறகே பழையதை அழியுங்கள்.